பாதரட்சை



சென்ற இதழில் பரீட்சைக் காலத் தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். இந்த முறை கண்ணிலிருந்து காலுக்கு இறங்குகிறோம். வாலிபர் கூடுகையின் கேள்விப் பெட்டியில் ஒரு தங்கை போட்டிருந்த சீட்டுதான் காரணம். "இந்த ஊர் வெள்ளைக்காரர் ஆராதனையில் எல்லாரும் ஷூவோடு பீடம் வரைக்கும் போகிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் மட்டும் திருவிருந்துக்குப் போகும்போது ஏன் கழற்றுகிறார்கள்? கழற்றாவிட்டால் பாவமா?"

நல்ல கேள்வி. சுருக்கமான பதில், பாவம் இல்லை. ஆனால் அந்தச் சுருக்கமான பதிலோடு நிறுத்திவிட முடியாதபடி நம் சபையில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிராம ஆலயங்களுக்கு விடுமுறையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வாசற்படியில் செருப்புகள் வரிசை கட்டிக் கிடக்கும். ஆராதனை முடிந்ததும் நம் ஜோடியைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பட்டணத்துச் சபைகளில் செருப்போடு உள்ளே போவார்கள், ஆனால் திருவிருந்துக்கு எழும்பும்போது பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பீடத்தண்டை போவார்கள். அந்த வழக்கத்தைத்தான் நம் பெரியவர்கள் இங்கிலாந்துக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்து, பாட்டு முடிவதற்குள் காலுறையையும் கழற்றிவிடுவார்கள்.

இது வேதத்தில் வேர் உள்ள வழக்கம். எரிகிற முட்செடியின் அருகே மோசே பாதரட்சையைக் கழற்றினார் (யாத்திராகமம் 3:5). எரிகோவுக்கு வெளியே யோசுவாவும் அப்படியே செய்தார் (யோசுவா 5:15). யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆசாரியரின் உடை ஒவ்வொன்றும், நூல் நிறம் உட்பட, விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் காலுக்கு மட்டும் ஒன்றும் சொல்லப்படவில்லை. 30-ஆம் அதிகாரத்தில் அவர்கள் பணிவிடைக்கு முன் வெண்கலத் தொட்டியில் கையையும் காலையும் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே அவர்கள் வெறுங்காலோடுதான் ஊழியம் செய்தார்கள் என்று யூதர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நாம் மட்டும் இப்படிச் செய்கிறோம் என்று வெட்கப்படவும் வேண்டாம். எத்தியோப்பியத் திருச்சபையார் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பீடம் இருக்கும் இடத்துக்குள் காலணியோடு நுழைவதில்லை. கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபைகளிலும் செருப்பு வெளியேதான். வெள்ளைக்காரருக்கும் மரியாதை தெரியாமல் இல்லை. அவர்கள் ஊரில் ஆண்கள் ஆலயத்துக்குள் தொப்பியைக் கழற்றுவார்கள். அவர்கள் தலையிலிருந்து எடுக்கிறார்கள், நாம் காலிலிருந்து எடுக்கிறோம். மனம் ஒன்றே.

இனி நடந்த காரியம். சம்பந்தப்பட்ட தாத்தாவும் அவருடைய பேத்தியும் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள்.

தாத்தாவுக்கு 74 வயது. சர்க்கரை வியாதி வந்து 20 வருடத்துக்கு மேல். சிறுவயதில் தேரிக்காட்டுச் செம்மணலில் செருப்பில்லாமல் நடந்து பள்ளிக்கூடம் போனவர். "உச்சி வெயில்ல அந்த மணல்ல நடந்த காலு இது. இதுக்கு என்ன வந்துரும்?" என்று சொல்லிச் சிரிப்பார். போன லெந்து காலத்தில் ஒரு திருவிருந்து ஞாயிறு. வழக்கம்போல் காலுறையையும் கழற்றிவிட்டுப் பீடத்தண்டை போனார். அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் படங்களைப் பலகையில் குத்தி முன்னால் வைத்திருந்தோம். அதிலிருந்து ஒரு பின் கீழே விழுந்து கிடந்திருக்கிறது. அதன்மேல் மிதித்தார். அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து காலுறை போட்டார், ஷூ போட்டார், ஐக்கிய விருந்தில் எல்லாரோடும் நின்று சாப்பிட்டார், பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். பின் காலிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பேத்தி தரைவிரிப்பில் ஒரு கறையைப் பார்த்து, "தாத்தா, காலைக் காட்டுங்க" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே குத்தி, சீழ் வைத்துவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

இதில் நாங்கள் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. நம் சபையில் செவிலியர் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். தாத்தாவுக்குச் சுகர் இருப்பது நால்வருக்கும் தெரியும். அவர் வெறுங்காலோடு போவதை மாதந்தோறும் பார்த்தோம். வார்டில் ஒரு நோயாளி அப்படிக் கட்டிலைவிட்டு இறங்கினால் ஓடிப்போய்த் தடுத்திருப்போம். ஆலயத்தில் வாய் திறக்கவில்லை. பெரியவருடைய பக்தியில் தலையிடுவது மரியாதை இல்லை என்று நினைத்தோம். அது மரியாதை இல்லை, தயக்கம். அதை மரியாதை என்று பெயர் சொல்லி வைத்திருந்தோம்.

பின் குத்தியது ஏன் அவருக்குத் தெரியவில்லை? கால்விரல்களுக்குப் போகும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் முதலில் பழுதாவது அந்த நீள நரம்புகளின் நுனிகள். சிலருக்குக் கால் எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். பலருக்கு ஓசையில்லாமல் மரத்துப் போகும். வியர்வையும் குறைவதால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும். இரத்தக் குழாய்களும் சுருங்கியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். வலி இல்லாததால் "எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லம்மா" என்பார்கள். ஒன்றும் தெரியாமல் இருப்பதே பிரச்சினை.

இதை உலகத்துக்கு விளங்க வைத்தவர்களில் ஒருவர் நம் வேலூரில் வேலை செய்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் மிஷனெரி பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாகவே உதிர்ந்துபோகின்றன என்றே அப்போது பலரும் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்தார். உணர்ச்சி போன கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, உணர்ச்சி போன கால் முள்ளின்மேல் நடந்துகொண்டே இருக்கிறது, சேதம் அதனால்தான் வருகிறது என்று கண்டார். வலி என்பது தேவன் மனிதனுக்குக் கொடுத்த காவல் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் அவரோடிருந்தவர்களும் அந்தக் கால்களுக்காக மிருதுவான ரப்பரில் செருப்பு செய்யப் பாடுபட்டார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் ஊரில் சுகர் உள்ளவர்களுக்கு எழுதிக் கொடுப்பது அந்த வழியில் வந்ததுதான். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குப் போய், தொழுநோயாளிகளிடம் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். பிரசங்கியார்கள் பிரசங்கம் செய்த ஊரில் ஒரு மருத்துவர் செருப்பு செய்யும் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். அதுவும் ஊழியமே.

தாத்தா கதைக்கு வருவோம். பாத மருத்துவர் அவருக்கு அளவெடுத்து ஷூ செய்து கொடுத்து, இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். காலுறை மட்டும் போட்டு நடப்பதும் கூடாது. தாத்தா அதற்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் அடுத்த இரண்டு திருவிருந்து ஞாயிறும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் எழும்பிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வருடமாகத் தவறாமல் திருவிருந்து வாங்கியவர்.

நாங்கள் இருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். காப்பி கொடுத்துவிட்டு அவரே பேச்சை எடுத்தார். "ஏம்மா, மோசேகிட்ட கழற்றுன்னு சொன்ன ஆண்டவர், எங்கிட்ட மட்டும் போட்டுக்கிட்டு வாடான்னு சொல்லுவாரா?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தோம். தேடத் தேட, ஆண்டவர் அப்படியும் சொல்லியிருக்கிறார் என்று கண்டோம்.

எகிப்திலே முதல் பஸ்காவை எப்படிப் புசிக்க வேண்டும் என்று யாத்திராகமம் 12:11-ஐப் பாருங்கள். காலில் பாதரட்சையோடு புசிக்க வேண்டும். நம் ஆண்டவர் திருவிருந்தை ஏற்படுத்தியதும் பஸ்கா பண்டிகைக் காலத்தில்தானே! அதே யாத்திராகமத்தில், அதே தேவன், அதே மோசேயிடம், ஓரிடத்தில் கழற்று என்கிறார், இன்னோரிடத்தில் தொடுத்துக்கொள் என்கிறார். முட்செடியின் அருகே நிற்க வேண்டியிருந்தது, எகிப்திலிருந்து இரவோடிரவாகப் புறப்பட வேண்டியிருந்தது. அந்தந்த வேளைக்கு எது கீழ்ப்படிதலோ அதைக் கேட்டார்.

வனாந்தரத்தில் நாற்பது வருடம் நடத்தினபோது ஜனங்களின் கால் வீங்காதபடி பார்த்துக்கொண்டார் (உபாகமம் 8:4). கால் வீக்கத்தைத் தினமும் அமுக்கிப் பார்த்துக் குறிப்பெழுதுகிற எங்களுக்கு இந்த வசனம் மிகவும் பிடிக்கும். கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் கேட்டவற்றில் ஒன்று அவன் காலுக்குப் பாதரட்சை (லூக்கா 15:22). வெறுங்காலோடு வந்தவனை அப்படியே நிற்க வைக்கவில்லை.

அந்தத் தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் பாருங்கள், தம்பி தங்கைகளே. இங்கே பிறந்த உங்களுக்கு அது பழைய சொல்லாகத் தெரியும். பாத ரட்சை, பாதத்தைக் காப்பது. இரட்சகர், இரட்சிப்பு என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அதே ரட்சைதான். நம் வேதாகமத்தைத் தமிழில் தந்தவர்கள் செருப்புக்கு வைத்த பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

தாத்தா கண்ணாடியைப் போட்டு இவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு, "எல்லாம் சரிம்மா. ஆனா தெருவுல மிதிச்ச செருப்போட எப்படிப் போவேன்? மனசு கேட்கலியே" என்றார். வழி கண்டுபிடித்தது பேத்திதான். "தாத்தா, கோயிலுக்குன்னு தனியா ஒரு ஜோடி வச்சுக்கலாம். அதைத் தெருவுல போடவே கூடாது." பாத மருத்துவரிடம் கேட்டு, அவர் பார்த்துச் சரி என்று சொன்ன இரண்டாவது ஜோடி வந்தது. மறைந்துபோன பாட்டியின் வேதாகமப் பையில் அதை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, பெஞ்சில் பேத்தி குனிந்து தாத்தாவுக்கு ஷூ மாற்றிவிட்டாள். மாற்றும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, தலைகீழாகத் தட்டினாள். தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தண்டை போனார். ஆயர் முன்பே கேள்விப்பட்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

இப்போது கேள்விப் பெட்டித் தங்கைக்கு முழுப் பதில். செருப்பைக் கழற்றுவது அழகான காணிக்கை. கால் நன்றாக இருக்கிறவர்கள் மனமுவந்து கழற்றுங்கள். ஆனால் காணிக்கையை ஒருவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. நம் முன்னோர்களில் பலர், ஆதிக்க சாதியாரின் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். மனிதன் மிரட்டிக் கழற்ற வைத்தது ஒன்று, ஆண்டவருக்கு முன்பாக விரும்பிக் கழற்றுவது வேறு. அந்த வேறுபாடு தெரிந்த ஜனம் நாம். ஆகவே ஆலயத்தில் ஒருவர் ஷூவோடு முன்னே போனால், "மரியாதை தெரியாதவர்" என்று கிசுகிசுக்க வேண்டாம். அவருடைய காலின் கதை நமக்குத் தெரியாது.

கடைசியாக, வீட்டில் செய்ய ஒரு வேலை. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியபோது (யோவான் 13) ஒவ்வொரு காலையும் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். பெரிய வியாழன் அன்று ஆயர் செய்வதை, நீங்கள் உங்கள் தாத்தா பாட்டிக்கு, சுகர் உள்ள அப்பா அம்மாவுக்குச் செய்யலாம். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம், இளைய வயதிலேயே வருவதும் உண்டு. ஆகவே நம் சபையில் இது பொருந்தாத வீடு குறைவு.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கருவி தேவையில்லை, உங்கள் ஆள்காட்டி விரல் போதும். அவர்களைக் காலுறை இல்லாமல் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். விரல் நுனியை மெதுவாக, ஓரிரு விநாடி மட்டும் தொடுங்கள். அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தெரியவில்லை என்று மறுபடியும் தொடக் கூடாது. வரிசை இது: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு. இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் ஜிபி-யிடம் சொல்லிக் கால் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் கால் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இவற்றையும் நினைவில் வையுங்கள். தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு நீங்களே பாருங்கள். ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். குளிருக்காக ஹீட்டரின்மேல் காலை வைக்க விடாதீர்கள், படுக்கையில் வெந்நீர்ப் பையும் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவ விடாதீர்கள். புண், கொப்புளம், சிவப்பு, வீக்கம் எது இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து எங்களிடம் காட்ட வேண்டாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதத் திருவிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் நால்வரும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருப்போம். வீட்டில் ஆறு விரல்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். சந்தேகமானால் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். இந்த முறை நாங்கள் தயங்க மாட்டோம். பிள்ளைகளின் படப் பலகைக்குப் பின் வேண்டாம் என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் ஒட்டும் நாடாவுக்கு மாறிவிட்டார்கள். ஆராதனைக்கு முன் பீடத்தின் முன்னால் தரையைப் பெருக்கும் வேலையை வாலிபர் சங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முட்செடியண்டை நின்ற நிலம் பரிசுத்த பூமி. நம் பெரியவர்கள் நிற்கும் தரையும் அப்படியே இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் கால்களையும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கால்களையும் காப்பாராக.